கழித்தல் கணக்கு

ஆறு மணிக்கே போல்கா கதவைப் பிறாண்டுகிறாள்.
நவம்பர். இன்னும் விடியாத டுலூத்.
இந்த ஊரில் தெருக்கள் எல்லாம்
ஏரியில் விழப்போகிற மாதிரியே சரிந்து கிடக்கும்.
இறங்கும்போது நாய் என்னை இழுக்கிறது,
ஏறும்போது நான் நாயை.
ஹால்வர்சன் வீட்டுத் தபால்பெட்டி வந்ததும்
இருவரும் நின்று மூச்சு வாங்கலாம் என்பது
எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

கீழே தூக்குப்பாலத்தின் ஊதல்.
இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பல் ஒன்று
விளக்குப் போட்ட தெருவே நகர்ந்து வருவதுபோல்
உள்ளே நுழைகிறது.
போல்காவுக்குக் கப்பல் பொருட்டில்லை.
நடைபாதையில் விறைத்துக் கிடக்கிறது
யாரோ போட்ட பீட்சா விளிம்பு.
வாயைப் பிளந்து, விரலை விட்டு,
தோண்டி எடுக்கிறேன்.
என் வாயிலிருந்து இப்படி எடுக்க
இத்தனை வருடம் யாரும் இல்லாமல் போனார்கள்.

வீடு. பழைய துண்டு. நாலு பாதம்.
விரலிடுக்கில் சாலை உப்பு.
காலைக்கு அரைக் கிண்ணம் காட்டேஜ் சீஸ்,
செலரித் தண்டு மூன்று.
செலரிக்குச் சுவை என்று ஒன்று உண்டென்றால்
அது அந்த நறுக் நறுக் சத்தம்தான்.
பதினெட்டு பவுண்டு இறக்கச் சொன்னார் டாக்டர் ஆஸ்குட்.
சொன்னபோது அவர் மேசையில் ஒரு டோனட் பெட்டி.
மூடித்தான் இருந்தது.
நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

துணி போட்டாயிற்று.
டுவேனின் காலுறைகள்
ஜோடியாய் உள்ளே போய் ஒண்டியாய் வெளியே வருகின்றன.
தூசி உறிஞ்சி இரண்டாவது அறையிலேயே இருமிப் படுத்துவிட்டது:
வயிறு நிறைய போல்காவின் முடி.
சீப்பில் வருவதை நான் எறிவதில்லை.
வால் முடி ஒரு ஊறுகாய் ஜாடியில்,
வயிற்று முடி இன்னொன்றில்,
காதுக்குப் பின்னால் கத்தரித்தது தனியாக,
ஒரு மாத்திரைக் குப்பியில்.

மதியம் நிலவறை விளக்கடியில்
தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டுகிறேன்.
பதினாலாம் எண் கொக்கி, ஆலிவ் நூல்,
கௌதாரி இறகு ஒரு சுற்று,
உடம்புக்கு என் நாயின் பழுப்பில் ஒரு சிட்டிகை.
போன ஜூனில் லெஸ்டர் ஆற்றில்
ஒரு ட்ரௌட் இதைக் கவ்வி,
யோசித்து,
துப்பிவிட்டுப் போனது.
ஓர் ஈ கட்ட இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடமும் பசிக்காது.
இன்று ஏழு கட்டினேன்.

இரவுக்கு டுவேன் தனக்கு காசரோல் செய்துகொண்டார்,
மேலே பொரித்த உருளை உருண்டைகள் வரிசையாய்.
எனக்கு உள்ளங்கை அளவு அவித்த கோழி.
மேசைக்கடியில் கனத்த மூச்சு.
தோலை உரித்துக் கீழே விட்டேன்.
பிறகு மிஞ்சிய காட்டேஜ் சீஸையும்.
டுவேன் கவனிக்கவில்லை.
அவர் கையும் ஒருமுறை கீழே போய் வந்ததை
நானும் கவனிக்கவில்லை.

வியாழன் எடை பார்க்கும் நாள்.
போல்கா தானாக ஏறி நிற்க மாட்டாள்.
ஆகவே முதலில் நான் மட்டும்,
அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு.
கழித்தால் நாய்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மின்கட்டண உறையின் முதுகில் எழுதுகிறார் டுவேன்.
நான்: செப்டம்பரைவிட நாலு பவுண்டு குறைவு.
கைதட்டினார்.
போல்கா: நாலு பவுண்டு கூடுதல்.
தட்டிய கை பாதியில் நின்றது.

"வெர்னா," என்றார், "இந்த வீட்டைவிட்டு
எதுவும் வெளியே போகவில்லை."

இன்னும் தராசின் மேல்தான் நிற்கிறேன்.
கை வலிக்கிறது, இறக்கிவிடலாம்.
அவள் முகவாயை என் தோளில் வைத்துவிட்டாள்,
வாயில் கோழி வாசம்.
நாளைக்கு ஹால்வர்சன் பெட்டியில் நிற்கப் போவதில்லை என்று
அவள் காதில் சொல்கிறேன். நம்பவில்லை.
காதுக்குப் பின்னால் கத்தரித்த இடத்தில்
முடி மெத்தென்று மறுபடி வளர்ந்திருக்கிறது.
டுவேன் உறையைத் திருப்பி வைத்து
முதலிலிருந்து கழிக்கத் தொடங்குகிறார்.